வேலுத்தாய் மட்டும் திறக்கும் பீரோ

எங்கள் வீட்டில் அலாரம் வைக்கிற பழக்கம் கிடையாது. காலை ஐந்தே காலுக்கு எதிர்வீட்டில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். நான் எழுந்துவிடுவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் நடைமுறை.

பட்டாசு ஊரில் 'டம்' என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குலை நடுங்கும். போன வருடம் காரியாபட்டியிலிருந்து வந்திருந்த என் மச்சினன், வேட்டி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாகத் தெருவுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில் புகை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்லப்பா, எதிர்வீட்டு வேலுத்தாய் பீரோ தொறக்கா" என்றேன். பீரோ திறக்கிற சத்தம் இப்படியா இருக்கும் என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பின்னே எப்படி இருக்குமாம்?

அந்தப் பீரோ வேலுத்தாய்க்குக் கல்யாணச் சீராக வந்தது. பழைய காலத்துக் கெட்டித் தகடு, பச்சை வண்ணம். மாமியார் வீட்டில் இருந்தவரை ஒழுங்காகத்தான் திறந்து மூடியதாம். அவள் புருஷன் வெள்ளைத்துரை கொத்தனார். தானே கல் வைத்து, தானே தரை பூசி எங்கள் வீட்டுக்கு எதிரே புது வீடு கட்டினான். அங்கே குடிவந்த நாளிலிருந்து பீரோ மக்கர் பண்ண ஆரம்பித்தது. துரு பிடித்துவிட்டது என்று எண்ணெய் விட்டார்கள். பூட்டு தேய்ந்துவிட்டது என்று பூட்டை மாற்றினார்கள். கடைசியில், பீரோ என்றால் இப்படித்தான் என்று அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது. தெருவுக்கும் பழகிவிட்டது.

திறப்பதற்கு ஒரு முறை இருந்தது. சாவியைத் திருகி, கைப்பிடியை மேலே தூக்கி, இடது முழங்காலை அடியில் கொடுத்து, கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே வலது இடுப்பால் ஓங்கி ஓர் இடி. கூடவே, "எழவெடுத்த பீரோ!" என்று ஓர் ஏச்சு. டம். திறந்துவிடும். ஆனால் வேலுத்தாய் இடித்தால்தான் திறக்கும். வெள்ளைத்துரை மூட்டை மூட்டையாகச் சிமெண்டு தூக்குகிறவன், அவன் இடித்தால் அசையாது. மகள் பாண்டிச்செல்வி இடித்தால் அவளுக்குத்தான் வலிக்கும். அதனால் அந்த வீட்டில் பொழுதுக்கும் ஒரே கூப்பாடு. "வேலு, சட்டை!" "அம்மா, துப்பட்டா!" "வேலு, ரேசன் கார்டு!" அவள் மாவுக் கையோடு வருவாள், ஈரக் கையோடு வருவாள், காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வருவாள். திரும்பிப் போவதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும். ஆறின காப்பியையே குடித்துக் குடித்து அவளுக்கு அதுதான் காப்பி என்று ஆகிவிட்டது.

அவளுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. தங்கச்சி வீட்டுக்கு ஆலங்குளம் போனால் மூன்றாம் நாள் போன் வரும், வெள்ளைத்துரை ஒரே சட்டையோடு வேலைக்குப் போகிறான் என்று. "நான் இல்லாட்டி அங்கன ஒரு துணி வெளிய வராது" என்று வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கம்பெனியில் அவள் வேறு ஆள். புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை. அங்கே எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், முழங்கை பட்டாலே திறக்க வேண்டும். ஒருநாள் ஒரு கதவு தரையில் லேசாக உரசியிருக்கிறது. "சரி பண்ணுற வரைக்கும் நான் உள்ள உக்கார மாட்டேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். சீசன் நேரம், போர்மேன் தலையில் அடித்துக்கொண்டு ஆசாரியை வரவழைத்து இழைப்புளி போட வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அதை என்னிடம் ஜம்பமாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குள் போனாள். டம்.

நான் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் ஓட்டுகிறவன். சாமி படத்தில் சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் மிஷினை நிறுத்திவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு எதிர்வீட்டில் நடந்ததைப் பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன் என்றால், நான் யாரைக் குறை சொல்வது?

இந்த ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. விடிகாலையில் தூறல். எனக்கு அன்று மதிய ஷிப்ட். வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழு மணி தாண்டி எதிர்வீட்டில் ஒரு அலறல்.

"அப்பா! மஞ்சப் பைய எங்க?"

பிரஷோடு ஓடினேன். பாண்டிச்செல்வி புதுப் பருத்திச் சேலை கட்டி, தலை சீவி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றாள். அன்றைக்கு விருதுநகரில் அவளுக்குச் சர்டிபிகேட் சரிபார்ப்பு. கூட்டுறவுச் சங்கத்து வேலை. பத்து மணிக்கு அந்தப் பையிலிருக்கிற ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும், இன்னொரு நாள் தரமாட்டோம் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள். மூன்றாவது முயற்சியில் கிடைத்த கடிதம் அது. இரண்டு வருடமாகப் பகலில் பேக்கிங் வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து படித்தாள். இது தவறினால் அடுத்த சீசனுக்கு அம்மாவோடு மருந்து ரூமுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. வேலுத்தாய்க்கு அந்த ஒரு நினைப்புத்தான் ஆகாது. "எம் மக இந்தக் கையோட திரியக் கூடாதுண்ணே" என்று அலுமினியப் பொடி ஏறின கையை என் முன்னால் நீட்டி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

வெள்ளைத்துரை வேலைக்குப் போக மூலையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன், நிதானமாகச் சொன்னான்:

"பையையா தேடுத? மேச மேல சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நனைஞ்சு போயிரக் கூடாதேன்னு பத்திரமா பீரோவுல வச்சுட்டேன்."

"வச்சு?"

"வச்சு, மூடிட்டேன்."

பாண்டிச்செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மூலையில் கூரை ஒழுகுவதும் பழைய கதைதான். தூறல் விழுந்தால் முக்கியமான சாமானெல்லாம் பீரோவுக்குள் போய்விடும், கை தானாக அதைச் செய்யும். வேலுத்தாய் அன்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். ராத்திரியே பையை வெளியே எடுத்து மேசையில் வைத்து, காலையில் பீரோவையும் ஒருச்சாய்த்துத் திறந்தே விட்டு, "இன்னைக்கு மட்டும் மூடிராதீக" என்று சொல்லிவிட்டு ஆறு இருபது வேனில் போயிருந்தாள். சீசனில் லீவு கேட்டால் ரூமில் ஆளைக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அவ சொன்னா. சொன்னாதான்" என்றான் வெள்ளைத்துரை. "கை மூடிருச்சு மச்சான்."

"ஏழரைக்கு பஸ்ஸுப்பா!" என்று கத்தினாள் மகள்.

வெள்ளைத்துரை ஓடிப்போய்ச் சாவியைத் திருகி, கைப்பிடியைத் தூக்கி, முழங்காலைக் கொடுத்து இடித்தான். அசையவில்லை. இன்னொரு இடி. நான் பிரஷைக் கீழே போட்டுவிட்டு ஓர் இடி இடித்தேன். நான்கு நாள் என்னால் வலது பக்கம் படுக்க முடியவில்லை. என் மனைவி பொன்மணி வந்து நின்று, "சும்மா இடிச்சா எப்படி? வேலு ஒரு ஏச்சு ஏசுவாள்ல, அதையும் சேத்துச் செய்யுங்க" என்றாள். அவசரத்தில் அதையும் செய்தோம். "எழவெடுத்த பீரோ" என்று மூன்று பேரும் மாறி மாறி ஏசிக்கொண்டு இடித்தோம். கைப்பிடி வெள்ளைத்துரை கையோடு வந்துவிட்டது.

வேலுத்தாய்க்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? கம்பெனியில் போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். நான் வெல்டிங் பட்டறை அன்பரசனைக் கூட்டிவரப் போனேன். அவன் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தெருவில் கரண்ட் போயிருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணி வரைக்கும் வராது.

"வந்தாலும் நான் அறுக்க மாட்டேன்" என்றான் அன்பரசன். "தீப்பொறி உள்ள விழுந்தா எல்லாப் பேப்பரும் கருகிரும்."

வெள்ளைத்துரை கடப்பாரையைக் கொண்டுவந்து கதவிடுக்கில் கொடுத்தான். அது வழுக்கித் தகட்டில் ஒரு முழத்துக்குக் கோடு போட்டது. இடுக்கில் நுனிகூட நுழையவில்லை. பாண்டிச்செல்வி கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. பை கதவ ஒட்டித்தான் இருக்கும். குத்திக் கிழிச்சிராதீக."

எட்டு மணி. பஸ் போய் அரைமணி ஆகிவிட்டது. வெள்ளைத்துரை கடப்பாரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாண்டிச்செல்வி அழுவாள் என்று பார்த்தேன். அவள் பீரோவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மாதான தொறக்கும்? அம்மாகிட்டயே கொண்டு போயிருவோம்."

"எத?"

"பீரோவ. கம்பெனி விருதுநகர் போற வழியிலதான இருக்கு. அம்மாவப் போய்க் கூட்டிட்டு வந்து, மறுபடி போறதுக்குள்ள பதினொண்ணாயிரும். பீரோவ ஏத்திட்டுப் போனா அங்கனயே தொறந்து எடுத்துக்கிட்டு அப்படியே போயிரலாம்."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம் பிறந்தது பாருங்கள், சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. எங்கள் தெரு மகேஷ்குமாரின் குட்டியானை சரக்கு வண்டி தெருமுனையில் காலி அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றது.

"மகேசு! பெட்டிய எறக்குலே! பீரோ ஏத்தணும்!"

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே அவன் வந்தான்.

ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். பீரோ நகர்ந்த இடத்தில் எத்தனையோ வருடமாகக் காணாமல் போயிருந்ததெல்லாம் கிடந்தது. ஒரு சீப்பு, பாண்டிச்செல்வியின் ஆறாம் வகுப்பு அடையாள அட்டை, ஒரு கோலிக்குண்டு. என் கால் பட்டதும் அந்தக் கோலி உருள ஆரம்பித்தது. உருண்டு, வேகம் பிடித்து, யாரும் தள்ளாமலே வாசல்வரை போய்ப் படியிறங்கித் தெருவில் விழுந்தது. நானும் பார்த்தேன், வெள்ளைத்துரையும் பார்த்தான். அவசரத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பீரோவை வண்டியில் நிமிர்த்தி வைத்து, கதவு ஆடாமல் கயிற்றால் சுற்றிக் கட்டினோம். பாண்டிச்செல்வி முன்னால் ஏறிக்கொண்டாள். வெள்ளைத்துரை தன் வேலைப் பையையும் பிடுங்கின கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான். நான் லுங்கியோடே ஏறினேன். போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. விட்டுவிட்டு இருக்க முடியுமா?

தூறல் நின்று வெயில் வந்திருந்தது. வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் பாதிக்கு மேல் கிடந்தது. வழியெல்லாம் பட்டாசு வேன்கள், மக்காச்சோளக் காடு, கம்பெனிக்குப் பிந்திப்போய்ச் சைக்கிளை மிதிக்கிற பெண்கள். எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் புதுச்சேலையில் ஒரு பெண், பின்னால் கயிறு கட்டின பீரோ, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன். வேறென்ன நினைப்பார்கள்? ஆடு ஓட்டிவந்த ஒருவர் குறுக்கே வர வண்டி நின்றது. அவர் கையைத் தூக்கிக் கேட்டார்:

"பொண்ணு எந்த ஊருக்குப் போகுது? ஒத்தப் பீரோதானா, கட்டில் கிட்டில் இல்லையா?"

"ஆட்ட ஓட்டுய்யா!" என்று வெள்ளைத்துரை கத்தினான்.

"தகப்பன் ரொம்ப வருத்தத்துல இருக்காரு போல" என்று அவர் ஆட்டிடம் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

எட்டு நாற்பதுக்குக் கம்பெனி கேட். வாட்ச்மேன் பிரபாகரன் குண்டாந்தடியோடு ஓடிவந்தான்.

"நில்லு, நில்லு! என்ன இது? இங்கன யாரும் பீரோ கேக்கல."

"பூச்சட்டி ரூம் வேலுத்தாயிக்கு" என்றேன்.

"வேலுத்தாய் பீரோவுக்கு ஆர்டர் போட்டுச்சா?"

பாண்டிச்செல்வி இறங்கி விஷயத்தைச் சொன்னாள். அவளைச் சின்னதிலிருந்து அவனுக்குத் தெரியும். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்ச் சொல்லி அனுப்பினான். திரும்பி வந்தவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இந்தப் பீரோவ வேலுத்தாய் எப்படித் தொறக்கும்?"

"இடிச்சு" என்றான் வெள்ளைத்துரை.

"சத்தம் வருமா?"

"டம்முன்னு வரும்."

பிரபாகரன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, உள்ள இருநூறு பேரு இருக்காக. இங்கன டம்முன்னு ஒரு சத்தம் கேட்டா அம்புட்டுப் பேரும் கதவத் தள்ளிக்கிட்டு வேலியத் தாண்டி ஓடுவாக. போன வாரம் ரோட்டுல லாரி டயர் வெடிச்சதுக்கே மூணு பேருக்குக் காலு பிசகிருச்சு. அந்தப் பாலத்துக்கிட்ட கொண்டு போங்க. அங்கனயும் சத்தம் வரக் கூடாது."

அவன் சொன்னது நியாயம். எங்களுக்கும் அதே பயம் உள்ள ஊர்தான். மகேஷ்குமார் வண்டியைப் பின்னாலேயே எடுத்து, பாலத்துப் பக்கம் தார்ரோட்டில் நிறுத்தினான். வேலுத்தாய் வந்தாள். வந்தாளா, பறந்தாள். தலையில் துணி, முழங்கைவரை வெள்ளி பூசின மாதிரி பொடி. பாதையில் வரும்போதே கேட்டாள்:

"யாருக்கு என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

வேலை நேரத்தில் கேட்டுக்குக் கூப்பிட்டால் அந்த ஊரில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். வண்டியில் நின்ற பீரோவைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மூடிராதீகன்னு சொன்னேன்ல?"

"கை மூடிருச்சு வேலு."

"சத்தம் வராமத் தொறக்கணும் தாயி" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"சத்தம் வராம எப்படிண்ணே தொறக்க? அது இடிச்சாத்தான் கேக்கும்." அவள் கண்ணில் பயம் தெரிந்தது. அவளைப் பயந்து நான் பார்த்ததே இல்லை. "இடிக்கலைன்னா எம் மக போக முடியாது. இடிச்சா உள்ள இருக்கவுக ஓடுவாக. எந்தக் கட்டையில போக நான்?"

"சாக்கு இருக்குக்கா" என்றான் மகேஷ்குமார். நாலு சாக்கை மடித்தோம். அவன் இரண்டு பக்கமும் பிடித்துப் பீரோக் கதவில் வைத்துக்கொண்டான். அதன்மேல் இடித்தால் சத்தம் அமுங்கும். நான் கயிற்றை அவிழ்த்தேன். வெள்ளைத்துரை கைப்பிடியை அதன் ஓட்டையில் சொருகினான். வேலுத்தாய் வண்டியில் ஏறினாள். ஒரு பெருமூச்சு. சாவியைத் திருகினாள், கைப்பிடியை எட்டிப் பிடித்தாள், முழங்காலைக் கொடுத்தாள். பின்னால் ஓர் அடி சாய்ந்து, "எழவெடுத்த" என்று ஆரம்பித்து இடுப்பை வீசினாள்.

கைப்பிடியில் அவள் விரல் பட்டபோதே கதவு தானாகத் திறந்துவிட்டிருந்தது. சாக்கோடு மகேஷ்குமார் ஒரு பக்கம் ஒதுங்க, இடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வேலுத்தாய் போன வேகத்தில் பீரோவுக்குள்ளேயே விழுந்தாள். சேலைகளுக்கு நடுவே அவள் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அம்மா!"

"பை இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தா, பை இருக்கு! நான் தொடல, கையெல்லாம் பொடி. நீயே எடு!"

பாண்டிச்செல்வி பாய்ந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. நாங்கள் எல்லோரும் கத்தின கத்தலில் பிரபாகரன், "சத்தம்! சத்தம்!" என்று அங்கிருந்தே கத்தினான்.

வேலுத்தாய் எழுந்து சேலையைச் சரிபண்ணிக்கொண்டு பீரோக் கதவைப் பார்த்தாள். மூடினாள். சாவியைத் திருகிப் பூட்டினாள். திறந்தாள். எந்த முக்கலும் முனகலும் இல்லை. மறுபடி மூடி, பூட்டாமல், கைப்பிடியை முழங்கையால் லேசாக அமுக்கி இழுத்தாள். கம்பெனிக் கதவைச் சோதிக்கிற மாதிரியே சோதித்தாள். கதவு இழுத்ததும் வந்தது. ஐந்தாறு தடவை அப்படிச் செய்தாள்.

"இது எப்படி?" என்றாள் பாண்டிச்செல்வி. "அம்மா இடிக்கவே இல்லையே?"

வெள்ளைத்துரை தன் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தான். வண்டியில் ஏறிப் பீரோவின் தலையில் வைத்தான். குழாய்க்குள் குமிழி ஆடி ஆடி, சரியாக நடுக்கோட்டில் வந்து நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பீரோவுல ஒரு குத்தமும் இல்ல" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "தரைதான். கழுவுன தண்ணி வாசலுக்கு ஓடட்டும்னு வாட்டம் விட்டேன். கொஞ்சம் கூடுதலாவே விட்டுட்டேன் போல. ஒரு கால் தணிஞ்சு பீரோ கோணி நின்னுருக்கு. கதவு சட்டத்துல போய் இறுகிருச்சு. இது மட்டமா நின்னா ஒரு விரலுக்குத் தொறக்கும்."

இந்தப் பக்கத்தில் அவன் வைத்த மட்டத்துக்கு மறுமட்டம் பார்க்கிறவர்கள் கிடையாது. அந்த ரசமட்டம் தினமும் அந்தப் பீரோவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை மட்டும் வீட்டு வாசலிலேயே அவிழ்த்திருந்தால் எட்டேகாலுக்கே திறந்திருக்கும். எங்களில் ஒருத்தருக்கும் சாவியைத் திருகிப் பார்க்கத் தோன்றவில்லை. அம்மாதான் திறக்கும் என்பது அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

வேலுத்தாய் ஏசுவாள் என்று நின்றோம். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் வெள்ளைத்துரைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பத்தொம்பது வருசம்" என்றாள். வலது இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இங்கன காச்சுப்போய்க் கெடக்கு. வேல செஞ்சா இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். நாந்தான் கெட்டிக்காரின்னு வேற நெனச்சேன்." அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? மணி ஒம்பதாகப் போகுது. ஏறு! மகேசு, மிதிலே வண்டிய!"

பீரோவை இறக்க நேரமில்லை. அதோடேயே போனோம். கதவில் வேலுத்தாயின் கை வெள்ளியாகப் பதிந்திருந்தது. சிவகாசியில் நெரிசல், திருத்தங்கலில் ரயில்வே கேட். கேட்டில் நிற்கும்போது பாண்டிச்செல்வி விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள், வெள்ளைத்துரை ரயிலை ஏசினான், மகேஷ்குமார் கேட் திறக்குமுன்பே கியரைப் போட்டுவிட்டான். விருதுநகர் ஆபீஸ் வாசலில் வண்டி நின்றபோது ஒன்பது ஐம்பத்தாறு. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வாசலில் இருந்த ஆள் பட்டியலில் பேரைத் தேடி, உள்ளே போகச் சொன்னார். அதைப் பார்த்த பிறகுதான் நான் லுங்கியோடு விருதுநகர் வந்திருப்பதை உணர்ந்தேன்.

நாங்கள் மூன்று பேரும் புளியமர நிழலில் பீரோவோடு காத்துக் கிடந்தோம். பிரஸ்ஸுக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். இரண்டு பேர் வந்து பீரோ விலைக்கா என்று கேட்டார்கள். வெள்ளைத்துரை ஒரே விரலால் அதைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தான். ஒன்றரைக்குப் பாண்டிச்செல்வி வெளியே வந்தாள். தூரத்திலிருந்தே பையை ஆட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னுட்டாக! ஆர்டர் வீட்டுக்கு வருமாம்!"

மகேஷ்குமார் ஹாரனை அழுத்தினான். அது எப்போதும் போலச் சிக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்காமல் அலறியது. "இதயும் நாலு வருசமா இப்படியே விட்டு வச்சிருக்கேன்" என்றான். அப்போதுதான் அதைக் கேட்டவன் மாதிரி சொன்னான்.

திரும்பிவந்து வெள்ளைத்துரை செய்த முதல் வேலை, பீரோவின் தணிந்த காலுக்கு ஓட்டுத்துண்டு செதுக்கி முட்டுக் கொடுத்ததுதான். ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்தான். இரண்டாவது வேலையாகக் கூரைமேல் ஏறினான். தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை பீரோவைத் திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத் தங்கள் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தட்டினால்தான் எரிகிற டியூப்லைட், இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கிற அடிபம்பு, குனிந்து குனிந்து பழகின நிலைப்படி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுத்தியல் சத்தம். ஆறு வருடமாகக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிற எங்கள் கேட்டைப் பொன்மணி எனக்குச் சுட்டிக்காட்டினாள். அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை, சத்தியமாக. தினமும் அந்தக் கம்பியை அவிழ்த்துக் கட்டுவது நான்தான்.

ஆறரைக்கு வேலுத்தாய் வந்தாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கையைக் கழுவாததால் அவள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக்கொண்டே மகளை உச்சிமோந்தாள். குளித்துவிட்டு வந்து பீரோ முன்னால் நின்றாள். முழங்கையால் திறந்தாள், மூடினாள். எல்லோரும் கைதட்டினோம். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. புருஷனையும் மகளையும் மட்டும் பார்த்தாள்.

"இனிமே இத யாரு வேணும்னாலும் தொறக்கலாம்ல?"

"யாரு வேணும்னாலும்" என்றான் வெள்ளைத்துரை, தானே கண்டுபிடித்தவன் மாதிரி பூரிப்போடு.

"அப்ப அவுகவுக துணிய அவுகவுகளே எடுத்துக்கிடுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். ஐந்தே முக்காலுக்கு எங்கள் பிரஸ் வேன் தெருமுனைக்கு வந்துவிடும். நான் கண் விழித்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது, மணி ஆறு ஐந்து. வேன் போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டுப் படியில் வேலுத்தாய் வேலைக்குக் கிளம்பி உட்கார்ந்திருந்தாள், கையில் காப்பித் தம்ளர். அதிலிருந்து ஆவி பறந்தது. உள்ளேயிருந்து வெள்ளைத்துரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வேலு, சட்டை!"

அவள் ஊதி ஊதி ஒரு மடக்குக் குடித்தாள்.

"ஏ வேலு! கட்டம் போட்ட சட்டை!"

அவள் அசையவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். நான்காவது தடவை கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, காது கொடுத்தால்தான் கேட்கிற சத்தம்.

"இதுல எந்தத் தட்டு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தேடுங்க, இருக்கும்" என்றாள். பிறகுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "என்னண்ணே, வேன் போயிருச்சே. வேலைக்குப் போகலியா?"

"நீ எழுப்பலியே தாயி" என்றேன்.

"ஏண்ணே," என்றாள் வேலுத்தாய், "ஒங்கள எழுப்புறதும் எம் பாடுதானா?"

மீதிக் காப்பியைச் சூடாகவே குடித்து முடித்து, தம்ளரைப் படியில் கவிழ்த்துவிட்டு, வேனைப் பிடிக்க எழுந்து நடந்தாள்.